பிள்ளையின் தோற்றமும் பிள்ளையின் சொல்லும்

(வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வெள்ளி விழாவில் பேச வருகிறவர்கள் கல்வியின் பெருமையைப் பேசுவார்கள். அல்லது சங்கம் கடந்து வந்த பாதையைப் பேசுவார்கள். அவ்விரண்டையும் எனக்கு முன்னர்ப் பேசியவர்கள் நிறைவாகவே பேசிவிட்டார்கள். நான் எடுத்துக்கொண்ட பொருள் சிறியதுபோலத் தோன்றும். ஐந்து வயது, எட்டு வயதுக் குழந்தை எந்தச் சட்டையை உடுத்த வேண்டும், முடியை எப்படி வைத்துக்கொள்ள வேண்டும், பொட்டும் பவுடரும் வேண்டுமா வேண்டாமா என்பனவற்றில் அக்குழந்தையின் சொல்லுக்கு எவ்வளவு இடம் கொடுக்கலாம் என்பதே அப்பொருள். "இது வீட்டுக்குள் பேசித் தீர்க்க வேண்டிய சங்கதியாயிற்றே, இதற்கு ஒரு தலைமையாசிரியரும் ஒலிபெருக்கியும் வேண்டுமா?" என்று சிலர் நினைக்கக்கூடும். மற்றவர்களுக்கு அது வீட்டுச் சங்கதியாக இருக்கலாம். நம்மவர்க்கு அப்படி இருக்க விட்டதே இல்லை.

1930 ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் இராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிக்கச் சாதியார் நம் மக்கள்மீது எட்டுத் தடைகளை விதித்தனர். 1931 ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஹட்டன் என்பவர், இந்தியச் சாதி முறையைப் பற்றித் தாம் எழுதிய நூலில் அவற்றை வரிசையாகப் பதிவு செய்திருக்கிறார். பொன் நகையும் வெள்ளி நகையும் அணியக் கூடாது. ஆண்கள் முழங்காலுக்குக் கீழும் இடுப்புக்கு மேலும் துணி உடுத்தக் கூடாது. சட்டை, கோட்டு, பனியன் ஆகா. முடியைக் கிராப்பு வெட்டிக்கொள்ளக் கூடாது. பெண்கள் ரவிக்கையாலோ தாவணியாலோ மேலுடம்பை மறைக்கக் கூடாது. பூச் சூடக் கூடாது. குடையும் செருப்பும் கூடாது. வீட்டில் மண்பாத்திரம் தவிர வேறு பாத்திரம் புழங்கக் கூடாது. எண்ணிப் பாருங்கள். கடைசியாகச் சொன்ன மண்பாத்திரம் நீங்கலாக மற்ற ஏழும் நம் உடம்பின்மேல் என்ன இருக்கலாம் என்பதைப் பற்றியவை. மீறியவர்களின் குடிசைகள் கொளுத்தப்பட்டன. தானியமும் கால்நடைகளும் சூறையாடப்பட்டன. அடுத்த ஆண்டு ஜூன் திங்களில் தடைகள் பதினொன்றாகப் பெருகின. நம் பிள்ளைகள் படிக்கக் கூடாது என்பது அவற்றுள் ஒன்று. மாடு மேய்க்க மட்டுமே அவர்களை அனுப்ப வேண்டும் என்பது இன்னொன்று. சட்டையைத் தடுத்த கைதான் சிலேட்டையும் தடுத்தது.

மலையாள நாட்டில் நம்மைப் போலவே ஒடுக்கப்பட்டிருந்த புலையர் குலப் பெண்கள், கழுத்தில் கல்மாலை அணிந்தே ஆக வேண்டும் என்ற கட்டுக்கு உட்பட்டிருந்தனர். 1915 இல் அய்யன்காளியின் தலைமையில் கொல்லத்தில் கூடிய கூட்டத்தில் அந்த மாலைகளை அறுத்து எறிந்தனர். 1927 டிசம்பரில் மகாடில் கூடிய பெண்களைப் பார்த்து அண்ணல் அம்பேத்கர், தாழ்ந்தவர் என்று காட்டும் முறையில் புடவை கட்டுவதை விட்டுவிடுங்கள், கையிலும் காலிலும் குவித்திருக்கும் வெள்ளி அணிகளைக் கழற்றுங்கள் என்று அறிவுறுத்தினார். சட்டமும் அரசியலும் கற்றுத் தேர்ந்த மேதை, பெண்கள் புடவை கட்டும் முறையைப் பற்றிப் பேசினார் என்றால், அது அற்பப் பொருள் என்று அவர் கருதவில்லை என்பது விளங்குகிறது.

அந்த அண்ணலே சிறுபிள்ளையாக இருந்தபோது நடந்த ஒரு நிகழ்ச்சியைத் தாமே எழுதி வைத்திருக்கிறார். 1901 ஆம் ஆண்டு. சாத்தாராவில் இருந்த பிள்ளைகள், வெளியூரில் காசாளராக வேலை பார்த்த தந்தையிடம் கோடை விடுமுறையில் இரயிலேறிச் செல்கிறார்கள். அந்தப் பயணத்துக்கென்றே புதுச் சட்டை, பளபளக்கும் குல்லா, பட்டுக்கரை வேட்டி, புதுச் செருப்பு எல்லாம் வாங்கப்பட்டன. மசூர் நிலையத்தில் இறங்கிக் காத்திருக்கிறார்கள். அழைத்துச் செல்ல யாரும் வரவில்லை. நிலைய அதிகாரி அவர்களுடைய உடையைப் பார்த்து உயர்குலத்துப் பிள்ளைகள் என்று எண்ணி அன்போடு விசாரிக்கிறார். நீங்கள் யார் என்று கேட்க, மகார் என்று சிறுவன் சொல்லிவிடுகிறான். அதிகாரியின் முகம் மாறிவிட்டது, பின்வாங்கிப் போய்விட்டார். பிறகு எந்த வண்டிக்காரனும் அவர்களை ஏற்றிக்கொள்ளச் சம்மதிக்கவில்லை. இரு மடங்கு கூலி கொடுத்து, பிள்ளைகளே வண்டியை ஓட்ட, வண்டிக்காரன் கூடவே நடந்து வருவதாக ஏற்பாடாயிற்று.

இந்நிகழ்ச்சியை நம் இளைஞர்கள் பலமுறை மேடையில் சொல்லக் கேட்டிருக்கிறேன். அவர்கள் எல்லோரும் வண்டிக்காரனைப் பற்றியே பேசுகிறார்கள். எனக்கோ அந்தப் பளபளக்கும் குல்லாவின்மேல்தான் கண் போகிறது. பெற்ற பிள்ளையை யாரும் ஒரு சொல் சொல்லிவிடக் கூடாது என்ற ஆசையும் அச்சமும் சேர்ந்து வாங்கிய குல்லா அது. நம் வீடுகள் எல்லாவற்றிலும் அந்தக் குல்லா இருக்கிறது.

என் தாயார் காய்கறித் தோட்டத்தில் கூலி வேலை செய்தவர். எனக்கிருந்தவை இரண்டே சட்டைகள். இரவில் துவைத்து அடுப்பின் மேலே கயிற்றில் காயப்போட்டு, காலையில் பித்தளைச் சொம்பில் தணலை இட்டுத் தேய்த்துக் கொடுப்பார். முகத்தில் பவுடர், தலையில் எண்ணெய் வழிய வழிய வகிடு. "எவனும் நம்மைப் பார்த்து மூக்கைச் சுளிக்கக் கூடாது" என்பார். அந்தத் தாய்மார்களை நான் குறை கூறேன். வகுப்பில் முதல் வரிசையில் உட்காரும் துணிவை எனக்குத் தந்தது அந்தத் தேய்த்த சட்டை.

ஆயினும் காலம் மாறியிருக்கிறது. காமராசர் முதலமைச்சராக இருந்த காலத்தில், நெ.து. சுந்தரவடிவேலு கல்வித் துறையை நடத்தியபோது, பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளின் வழியே சீருடை ஊருக்கு ஊர் பரவியது. 1985 முதல் சத்துணவு உண்ணும் பிள்ளைகளுக்கு அரசே சீருடை கொடுத்தது. பின்னர் அது ஆண்டுக்கு நான்கு இணைகளாக உயர்ந்தது. நம் மலைப் பிள்ளைகளுக்குக் கம்பளிச் சட்டையும் வந்தது. உடுத்த இல்லை என்ற நிலை பெரும்பாலும் நீங்கிவிட்டது. இல்லாமை நீங்கிய பின்னும் அச்சம் மட்டும் நீங்காமல் பிள்ளையின் தலைமேல் உட்கார்ந்திருக்கிறது. அதைப் பற்றித்தான் பேச வேண்டியிருக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு தாய் தம் மகளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு என் அறைக்கு வந்தார். மூன்றாம் வகுப்புப் பெண். அந்தப் பெண் முதல்நாள் மாலை, கத்தரிக்கோலை எடுத்துத் தன் இடது பக்கச் சடையைக் காதோரமாக வெட்டிவிட்டாள். வலது சடை மட்டும் ரிப்பனோடு தொங்குகிறது. தாயாரின் கண்ணில் நீர். "நாலு பேர் நடுவுல என் பிள்ளை நல்லாத் தெரியணும்னுதானே சார் இவ்வளவு பாடுபடறேன். எங்க சாதிசனத்துல இப்படி முடி யாருக்கு இருக்கு? நீங்களே கேளுங்க சார்" என்றார். அவர் காரட் கழுவும் இடத்தில் வேலை செய்பவர். கேத்திப் பள்ளத்தாக்கில் அந்த வேலை எந்நேரத்தில் தொடங்குகிறது என்பது உங்களுக்குத் தெரியும். காலைச் சந்தைக்குச் சுமை ஏற்ற வேண்டுமானால் விடிவதற்கு வெகு முன்னரே தண்ணீரில் நிற்க வேண்டும்.

நான் அந்தப் பெண்ணை உட்காரச் சொல்லி, ஏன் வெட்டினாய் என்று கேட்டேன். நெடுநேரம் பேசவில்லை. பிறகு மெல்ல, "தூக்கம் வருது சார்" என்றாள். விளங்கவில்லை. மேலும் கேட்டபோதுதான் விவரம் வந்தது. தாய் வேலைக்குப் போகும்முன் மகளுக்குச் சடை பின்னிவிட்டுப் போக வேண்டும். ஆகவே இரவு மூன்று மணிக்கு எழுப்பி உட்கார வைப்பார். மார்கழியில் நம் ஊரில் தேங்காய் எண்ணெய் கல்லாக உறைந்துவிடும். அதை அடுப்பில் காட்டி உருக்க வேண்டும். இடுப்பளவு முடிக்குச் சிக்கெடுத்து, இரண்டாகப் பின்னி, மடித்து ரிப்பன் கட்டி முடிக்க முக்கால் மணி நேரம். அதன்பின் தாய் போய்விடுவார். பின்னிய சடை கலைந்தால் அடி விழும் என்று, அந்தப் பெண் தலையணையில் தலை வைக்காமல் சுவரில் சாய்ந்தே விடியும்வரை உட்கார்ந்திருப்பாள். எட்டு வயதுக் குழந்தை. வகுப்பில் அவள் தூங்கி வழிகிறாள் என்று ஆசிரியை சொல்லியிருந்ததன் காரணமும் அப்போதுதான் புலப்பட்டது.

அந்தத் தாய் கொடுமைக்காரர் அல்லர். தாமும் தூக்கத்தை இழந்து, மகளின் அழகுக்காக அந்த முக்கால் மணி நேரத்தைச் செலவிட்டவர். மகளும் அடங்காப்பிடாரி அல்லள். இருவருக்கும் இடையே ஒரு கேள்வி கேட்கப்படாமல் இருந்தது, அவ்வளவே. "உனக்கு இந்த முடி வேண்டுமா?" என்று அன்றுவரை அக்குழந்தையை எவரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால், கத்தரிக்கோல் எடுக்கும் வேலை இருந்திருக்காது. கழுத்தளவு முடியோடு அவள் மறுநாள் பள்ளிக்கு வந்தாள். பெண் பிள்ளைகள் இரட்டைச் சடை போட்டு வர வேண்டும் என்பது பள்ளியின் நெடுநாள் வழக்கமாயிற்றே என்று சக ஆசிரியர் ஒருவர் நினைவூட்டினார். முடி கண்ணில் விழாமலும் தூய்மையாகவும் இருந்தால் போதும் என்று சொல்லிவிட்டேன். அந்த வழக்கத்தை எழுதி வைத்த ஆணை எதுவும் எங்கள் கோப்பில் இல்லை.

இப்படிச் சொல்வதால், பிள்ளை கேட்டதெல்லாம் நடக்கட்டும் என்று நான் கூறுவதாக யாரும் எண்ண வேண்டா. குளிப்பதும் பல் துலக்குவதும் பேன் எடுப்பதும் பிள்ளையின் வாக்கெடுப்புக்கு உரியவை அல்ல. குளிர்காலத்தில் எல்லோரும் கம்பளிக் குல்லா போட்டு, ஒருவர் குல்லாவை இன்னொருவர் மாற்றிப் போட்டுக்கொள்ளும் நம் பள்ளிகளில் பேன் எவ்வளவு விரைவில் பரவும் என்று தாய்மார்கள் அறிவீர்கள். ஜனவரியில் புல்லெல்லாம் வெள்ளையாக உறைபனி படிந்த காலையில், ஐந்து வயதுப் பையன் ஸ்வெட்டர் போடமாட்டேன் என்றால், போட்டுத்தான் ஆக வேண்டும். ஆனால் அந்த ஸ்வெட்டருக்குள் எந்தச் சட்டை, மேலே சிவப்புக் குல்லாவா நீலக் குல்லாவா என்பதை அவன் சொல்லட்டும். நம்புங்கள், பாதிச் சண்டை அதிலேயே முடிந்துவிடும். போட வேண்டும் என்று நாம் சொல்வதோடு ஏன் போட வேண்டும் என்பதையும் சொன்னால், மீதிச் சண்டையில் பாதியும் முடியும்.

நாளைக்கு மாற்றிக்கொள்ளக் கூடியதா, மாற்ற முடியாததா என்று பார்ப்பது என் வழக்கம். வெட்டிய முடி வளர்ந்துவிடும். பொருத்தமில்லாத சட்டையைக் கழற்றிவிடலாம். அவற்றில் ஆறு வயதுப் பிள்ளை தவறு செய்யட்டும். இரண்டு காலிலும் இரண்டு நிறக் காலுறை போட்டு வரட்டும். உலகம் முழுகிப் போகாது. ஆனால் பச்சை குத்துவது அப்படியன்று. தலைவர் பெயரையோ தகப்பன் பெயரையோ சிறு கையில் பச்சை குத்திவிட்டு, "அவனே ஆசைப்பட்டான்" என்று சொல்வது முறையாகாது. அழியாத குறியை விரும்பும் உரிமை அவன் வளர்ந்தபின் வரும். முடியிறக்கும் வேண்டுதலைப் பற்றியும் ஒரு சொல். கைக்குழந்தைக்கு மொட்டையடிப்பதில் எனக்குத் தகராறு இல்லை. ஏழு வயதுப் பிள்ளை, வகுப்பில் சிரிப்பார்கள் என்று காலைப் பிடித்து அழுகிறபோது யோசிக்க வேண்டும். வேண்டிக்கொண்டவர் தகப்பனார், முடியைக் கொடுப்பவன் மகன். தகப்பனாருக்கும் தலையில் முடி இருக்கத்தானே செய்கிறது?

நிறத்தைப் பற்றிச் சொல்லாவிட்டால் இப்பேச்சு முழுமை பெறாது. "கருப்புப் பிள்ளைக்குக் கரும்பச்சை எடுக்காது, மஞ்சள் எடுக்காது" என்று சொல்லி, பிள்ளை ஆசையோடு கையில் எடுத்த துணியைப் பிடுங்கித் திரும்ப வைக்கும் காட்சியைக் குன்னூர்க் கடைகளில் எத்தனையோ முறை கண்டிருக்கிறேன். அந்த ஒரு நொடியில் பிள்ளைக்கு இரண்டு பாடங்கள் போய்ச் சேருகின்றன. தன் நிறம் ஒரு குறை என்பது ஒன்று. தன் கண்ணுக்கு அழகாகத் தெரிவது உண்மையில் அழகில்லை என்பது மற்றொன்று. 1975 இல் சந்தைக்கு வந்த சிவப்பழகு களிம்பு ஒன்று, உலகெங்கும் எழுந்த எதிர்ப்புக்குப் பிறகு 2020 இல் தன் பெயரிலிருந்து 'ஃபேர்' என்ற சொல்லை நீக்கிக்கொண்டது. கம்பெனிக்காரனே வெட்கப்பட்டு எடுத்துவிட்ட சொல்லை நாம் நம் வீட்டில் வைத்துக்கொண்டிருக்கிறோம். பள்ளிக்குப் புறப்படும் பெண் குழந்தை பவுடர் வேண்டாம் என்றால், விட்டுவிடுங்கள். அவள் முகம் அவளுக்குப் பிடித்திருக்கிறது என்று பொருள்.

இனி நம் இளைஞர்களிடம் நேராக ஒன்று கேட்கிறேன், கோபிக்க வேண்டா. பிள்ளைகள் கையில் சாதிக்கொரு வண்ணக் கயிறு கட்டிப் பள்ளிக்கு வரும் வழக்கத்தைத் தடுக்குமாறு 2019 இல் பள்ளிக் கல்வி இயக்குநர் சுற்றறிக்கை அனுப்பினார். அதற்கு எதிர்ப்புக் கிளம்பியது. செயலுக்கு வராமல் நின்றுபோயிற்று. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில், நன்றாகப் படித்த நம் பிள்ளையை உடன்படித்த மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையும் வெட்டுப்பட்டாள். அதன்பின் அரசு அமைத்த நீதிபதி சந்துரு அவர்களின் குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. வண்ணக் கயிறு, மோதிரம், நெற்றிக் குறி ஆகிய அடையாளங்களைப் பள்ளியில் தடை செய்ய வேண்டும் என்று அது பரிந்துரைத்தது. இதை நாம் வரவேற்றோம், வரவேற்க வேண்டியதுதான். அந்தக் கயிற்றைப் பிள்ளை தானாகக் கேட்டு வாங்குவதில்லை. பெரியவர்கள் கட்டிவிடுகிறார்கள், பின்னர் அதுவே பிள்ளையின் விருப்பம்போல் ஆகிவிடுகிறது.

அப்படியானால் நம் வீட்டுப் பிள்ளையின் மணிக்கட்டில் நாம் ஏன் நீலக் கயிறு கட்டுகிறோம்? "அவர்கள் கட்டினார்கள், நாமும் கட்டுகிறோம்" என்று பதில் சொல்வீர்கள். இருபது வயது இளைஞன் நீலத் துண்டு போட்டு ஊர்வலத்தில் போவது அவனுடைய அரசியல், நான் தடுக்கமாட்டேன். ஏழு வயதுப் பிள்ளைக்கு அது அரசியல் ஆகாது; அது வெறும் குறி. யார் யாரை அடிக்கலாம் என்று காட்டிக் கொடுக்கும் குறியாகவும் அது ஆகிவிடும். அண்ணல் பிறந்தநாள் விழாக்களில் மூன்று வயதுக் குழந்தைக்கு நீலக் கோட்டும் கழுத்துப் பட்டையும் வட்டக் கண்ணாடியும் மாட்டி, கையில் தடித்த நூலைக் கொடுத்து மேடையில் ஏற்றுகிறோம். விரும்பி ஏறும் பிள்ளைகள் உண்டு. அவர்களைப் பார்க்க எனக்கும் மகிழ்ச்சியே. ஆனால் வியர்த்து, அரண்டு, "அம்மா" என்று வீறிட்டு அழும் குழந்தையைக் கீழே இறக்காமல், புகைப்படம் எடுத்து முடிக்கும்வரை நிறுத்தி வைத்ததையும் பார்த்திருக்கிறேன். அண்ணல் அங்கே இருந்திருந்தால் அந்தக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு முதலில் கோட்டைக் கழற்றியிருப்பார் என்று நினைக்கிறேன். மற்றவர்க்கு நம்மை மெய்ப்பிக்கும் வேலையை மசூர் நிலையத்தில் ஒரு குல்லா செய்யப் பார்த்தது. இப்போது அதே வேலையைக் கோட்டிடம் கொடுக்கிறோம். பிள்ளை என்னவோ அப்போதும் இப்போதும் உள்ளே வியர்த்துக்கொண்டுதான் இருக்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்கும் பெற்றோர்க்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஐக்கிய நாடுகள் அவை 1989 இல் நிறைவேற்றிய குழந்தைகள் உரிமை உடன்படிக்கையை இந்தியா 1992 இல் ஏற்றது. அதன் 12 ஆம் பிரிவு, தன்னைப் பற்றிய செய்திகளில் கருத்துச் சொல்லக் குழந்தைக்கு உரிமை உண்டு என்றும், வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ப அக்கருத்துக்கு மதிப்பளிக்க வேண்டும் என்றும் கூறுகிறது. குழந்தை சொல்வதே முடிவு என்று அது கூறவில்லை. கேளாமல் முடிவு செய்யாதே என்கிறது. 2009 ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17 ஆம் பிரிவு, பள்ளியில் உடல் தண்டனையையும் மன வதையையும் தடை செய்கிறது. முடி நீண்டிருக்கிறது என்று வகுப்பின் நடுவே நிறுத்திக் கத்தரிப்பதும், "உங்கள் தெருப் பிள்ளைகள் இப்படித்தான்" என்று சொல்லித் திருப்பி அனுப்புவதும் இதில் அடங்கும். அப்படி ஏதேனும் நேர்ந்தால் வாயை மூடிக்கொண்டு வீட்டுக்கு வந்து பிள்ளையை அடிக்காதீர்கள். சங்கத்துக்கு வாருங்கள், முறையாக எழுதிக் கொடுப்போம். பிள்ளையைத் தோற்றத்தால் இழிவுபடுத்துவது எந்தப் பள்ளியின் ஒழுங்குமுறையிலும் இல்லை.

இறுதியாகச் செயற்குழுவுக்கு ஒரு விண்ணப்பம். நம் சங்கம் ஆண்டுதோறும் பொங்கலுக்கு மாலை வகுப்புப் பிள்ளைகளுக்குப் புத்தாடை வழங்கி வருகிறது. நன்கொடை தந்த அன்பர்களுக்கு நன்றி. மொத்தமாக ஒரே துணியில் எடுத்தால் விலை குறையும் என்பதால் ஆண்பிள்ளைகளுக்கு ஒரு நிறம், பெண்பிள்ளைகளுக்கு ஒரு நிறம் என்று எடுத்து வருகிறோம். தெருவில் அந்த ஆடையைக் கண்டவுடன் "சங்கத்துப் பிள்ளைகள்" என்று ஊர் அறிந்துகொள்கிறது. இலவச ஆடை என்பதும் அத்தோடு தெரிந்துவிடுகிறது. ஐந்தாம் வகுப்புக்கு மேல் பிள்ளைகள் அதைப் பொங்கலன்று உடுத்துவதில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். வரும் பொங்கலுக்கு, ஒன்று முதல் ஐந்து வரை படிக்கும் பிள்ளைகளைக் கேத்தி நிலையத்திலிருந்து மலை இரயிலில் குன்னூருக்கு அழைத்துப் போய், ஒவ்வொருவரும் தத்தம் கையால் ஒரு துணியை எடுத்துக்கொள்ளச் செய்வோம். விலைக்கு ஒரு வரம்பு வைத்துவிட்டு நிறத்தைப் பிள்ளைகளிடம் விட்டுவிடுவோம். தாய்மார்கள் உடன் வரலாம். "அது உனக்கு எடுக்காது" என்று மட்டும் சொல்லக் கூடாது என்பது நிபந்தனை. கடைக்காரரோடு விலை பேசும் பொறுப்பை நான் ஏற்றுக்கொள்கிறேன். டிசம்பர் முதல் வாரத்துக்குள் பிள்ளைகளின் எண்ணிக்கையைச் செயலாளர் எனக்குத் தந்தால் போதும்.